ராத்திரி இரண்டு மணிக்கும் கண் கூசக் கூடாது: எப்போதும் எரியும் திரைகளின் பிரைட்னெஸ் கோளாறுகள், அறிகுறி வாரியாக

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏழு அங்குலத் திரை ஒன்றை வைத்துக் கொடுத்தேன். மணி, தேதி, அடுத்த மாத்திரை எப்போது, இவ்வளவுதான் அதில் தெரியும். இஎஸ்பி32 போர்டு, எல்சிடி திரை, நானே எழுதிய நிரல். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் திரைமேல் துண்டு போட்டு மூடியிருந்தது. "ராத்திரி முழுக்க மூஞ்சியில டார்ச் அடிச்ச மாதிரி இருக்குடா" என்றார். பிரைட்னெஸ் 5 சதவீதத்தில்தான் இருந்தது. என் மேஜையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், அந்த 5 சதவீதம் படிக்கவே முடியாத அளவுக்கு மங்கலாகத் தெரிந்திருந்தது.

அந்தத் துண்டு அங்கிருந்து போக இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் இந்த வகைச் சாதனத்துக்கு வரக்கூடிய கோளாறுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹால் சுவரில் மாட்டியிருக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட் தன் பங்குக்குச் சிலவற்றைக் கொடுத்தது. வீட்டில் இருப்பவர்கள் குறையைச் சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கேட்பது எதுவோ அங்கிருந்து படியுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு வேலை இருக்கிறது. சாதனம் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கேயே, ராத்திரி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். போனைப் பார்க்காதீர்கள். கண்ணின் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் போல ஆகும், கோல் செல்கள் முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். பழகின கண்ணால் திரையைப் பார்த்தால்தான் தூங்கி எழுகிறவர் எதைப் பார்க்கிறார் என்று தெரியும். பகலில் மேஜையில் வைத்து முடிவு செய்த குறைந்தபட்ச பிரைட்னெஸ் எதையும் நான் இப்போது நம்புவதில்லை.

"ஆகக் குறைச்சலா வச்சும் கண்ணைக் குத்துது"

முதலில், குறைவது நிஜமாகவே பேக்லைட்தானா, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதானா என்று பாருங்கள். திரை முழுக்கக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, இருட்டில் பிரைட்னெஸை மேலும் கீழும் நகர்த்துங்கள். எல்சிடியில் கறுப்பு என்பது முழுக் கறுப்பு இல்லை, பின்னால் இருக்கும் விளக்கு சாம்பல் நிறமாகக் கசியும். ஸ்லைடரை நகர்த்தும்போது அந்தக் கசிவும் கூடிக் குறைந்தால் பேக்லைட் மாறுகிறது. கசிவு அப்படியே இருந்து எழுத்து மட்டும் மங்கினால், மென்பொருள் படத்தின் மேல் ஒரு கறுப்புத் திரையைப் போர்த்துகிறது, விளக்கு பின்னால் அதே அளவில்தான் எரிகிறது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12-இல் வந்த எக்ஸ்ட்ரா டிம் வசதி இந்த இரண்டாவது வகை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் அது நன்றாகவே உதவும். எல்சிடியில் எழுத்து மங்குமே தவிர அறையின் வெளிச்சம் பெரிதாகக் குறையாது.

கசிவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐபிஎஸ் என்ற சாதாரண எல்சிடி வகையின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று. வெள்ளை 300 நிட் (திரை ஒளிரும் அளவின் அலகு) என்றால் கறுப்பு 0.3 நிட். பகலில் அது கண்ணில் படாது. கும்மிருட்டில் ஏழு அங்குலம் முழுக்க 0.3 நிட் ஒளிர்ந்தால் எதிர்ச் சுவரே தெரியும். அதனால் "பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை மட்டும் காட்டு" என்ற யோசனை எல்சிடியில் பாதி வேலைதான் செய்யும். விளக்கே இறங்க வேண்டும்.

விளக்கு இறங்குகிறது, ஆனாலும் போதவில்லை என்றால் அடி எல்லையைத் தேடுங்கள். பல சாதனங்களில் மென்பொருளே 10 சதவீதத்துக்குக் கீழே போக விடுவதில்லை. பயனர் தவறுதலாகத் திரையை இருட்டாக்கி மாட்டிக்கொள்வாரோ என்ற பயம் அது. படுக்கையறைச் சாதனத்துக்கு அந்தப் பயமே பொருந்தாது. என் போர்டில் அளவை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே போனேன். ஓர் இடத்துக்குக் கீழே பேக்லைட் டிரைவர் விளக்கை எரிய வைக்க முடியாமல் விட்டு விட்டு மின்னியது. அதற்குச் சற்று மேலே இருப்பதுதான் அந்தத் திரையின் உண்மையான தரை. ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் தரை வேறுபடும், ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரையே அதிக வெளிச்சமாக இருந்தால் கடைசி வழி ஃபிலிம்தான். கார் கண்ணாடிக்கு ஒட்டும் சாம்பல் நிற ஃபிலிம் ஒரு துண்டு போதும். வெள்ளை, கறுப்பு இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். பகலில் அதற்கேற்ப விளக்கைக் கூட்டிக்கொள்ளலாம். பகலில் உச்ச வெளிச்சம் தேவையே இல்லாத படுக்கையறைக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். அம்மாவின் திரையில் இன்றும் அந்த ஃபிலிம் இருக்கிறது.

நிறமும் முக்கியம். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள் நீலப் பச்சையில்தான் கூர்மை, சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியாது. உடல் கடிகாரத்தைத் தள்ளிப்போடுவதும் நீல ஒளிதான். உறக்க ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையில் படுக்கைக்கு முந்தைய மூன்று மணி நேரம் கண்ணுக்கு வரும் ஒளி 10 லக்ஸுக்குள் (ஓரிடத்தில் விழும் ஒளியின் அலகு), தூங்கும்போது 1 லக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நீலத்துக்குக் கூடுதல் மதிப்பு தந்து கணக்கிடும் லக்ஸ் அது. ஆகவே இரவு எண்களை அடர் ஆரஞ்சிலோ சிவப்பிலோ காட்டுங்கள். வயதானவர்களுக்கு முழுச் சிவப்பு படிக்கச் சிரமமாக இருக்கலாம். அம்மாவுக்கு ஆரஞ்சுதான் ஒத்து வந்தது.

"கொஞ்சம் நகர்த்தினாலே எகிறுது, அதுக்கு மேல எவ்வளவு தள்ளினாலும் ஒண்ணும் மாறல"

ஸ்லைடரின் எண்ணை நேராக விளக்குக்குக் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும். கண் வெளிச்சத்தை விகிதமாக உணரும், கூட்டலாக உணராது. 1-லிருந்து 2-க்குப் போவது இரட்டிப்பு. 200-லிருந்து 201 யாருக்கும் தெரியாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருப்பதாகக் கண் சொல்லும் சாம்பல் நிறம், உண்மையில் வெள்ளையின் ஒளியில் 18 சதவீதம்தான் தரும்.

தீர்வு ஒரு வரிக் கணக்கு. ஸ்லைடரை 0 முதல் 1 வரையான எண்ணாக எடுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்தி விளக்குக்குக் கொடுங்கள். பாதியில் வைத்தால் 22 சதவீத ஒளி, பத்தில் ஒரு பங்கில் வைத்தால் 0.63 சதவீதம். ஸ்லைடர் முழு நீளத்துக்கும் சீராக நடந்துகொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள், இந்தத் திருத்தம் இரண்டு முறை விழுந்துவிடக் கூடாது. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் சிஸ்டம் ஸ்லைடரே வளைகோட்டில்தான் நடக்கிறது. ஆனால் ஹோம் அசிஸ்டன்ட், ஃபுல்லி கியோஸ்க் போன்ற, டேப்லெட்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்கள் வழியாக அனுப்பும் 0 முதல் 255 வரையான எண் நேரானது. 128 அனுப்பிவிட்டுத் திரையில் பார்த்தால் ஸ்லைடர் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். இரண்டு அளவுகோல்கள், அவ்வளவே. எந்த இடத்தில் எண்ணை மாற்றுகிறீர்களோ அங்கே மட்டும் வளைகோட்டைப் போடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

"மங்கும்போது படி இறங்குற மாதிரி விட்டு விட்டு இறங்குது"

மேலே சொன்ன திருத்தத்தைப் போட்டதும் அடுத்து வருவது இதுதான். 8 பிட்டில் 255 படிகள். ஸ்லைடரின் கீழ்ப் பத்தில் ஒரு பங்கு முழுவதற்கும் கிடைப்பது 0, 1, 2 என்ற எண்கள் மட்டும். இரவில் நமக்கு வேண்டியது முழுக்க அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. 12 பிட்டில் அதே இடத்துக்கு 26 படிகள் கிடைக்கும்.

இஎஸ்பி32-இல் இது எளிது. விளக்கை வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் அதன் பிடபிள்யூஎம் பகுதிக்கு 80 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இருக்கிறது. 12 பிட்டுக்கு 4096-ஆல் வகுத்தால் சுமார் 19.5 கிலோஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம், 13 பிட்டுக்கு 9.7 வரை. ஆனால் காகிதத்தில் கிடைக்கும் எல்லாப் படியும் விளக்கில் கிடைக்காது. 19.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 51 மைக்ரோ விநாடி. அதில் 4096-இல் ஒரு பங்கு 12.5 நானோ விநாடி. அவ்வளவு சின்னத் துடிப்புக்குச் சாதாரண பேக்லைட் டிரைவர் அசையவே அசையாது. கீழ்ப் படிகள் உண்மையாக வேண்டுமானால் அதிர்வெண்ணைக் குறையுங்கள், அல்லது எல்இடிக்குப் போகும் கரண்டையே இரவில் குறைத்துவிட்டு மிச்சத்தை பிடபிள்யூஎம்மில் செய்யுங்கள். இரண்டாவது வழிக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு ரெசிஸ்டரும் கூடுதலாகும். அந்தச் செலவுக்கு அது தகும்.

"தலை வலிக்குது", "போன்ல படம் எடுத்தா கோடு கோடா வருது", "கீ...ன்னு ஒரு சத்தம்"

மூன்றுக்கும் வேர் ஒன்றே, பிடபிள்யூஎம் அதிர்வெண். இருட்டில் திரைக்கு முன் பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சிலின் நிழல் ஒரே மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. விசிறி மடிப்பு போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அதிர்வெண் குறைவு. 200 ஹெர்ட்ஸில் ஓடும் மலிவான திரைகள் நிறைய உண்டு. ஐட்ரிபிள்இ என்ற பொறியாளர் அமைப்பின் 1789 எண்ணுள்ள 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, முழுதாக எரிந்து முழுதாக அணையும் விளக்கு 1250 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பாதிப்புக்கு வாய்ப்பு குறைவு, 3000-ஐத் தாண்டினால் பாதிப்பே இல்லை என்று கொள்ளலாம்.

அப்படி உயர்த்தினால் சில போர்டுகளில் சத்தம் வரும். காயிலும் செராமிக் கெப்பாசிட்டரும் அதே அதிர்வெண்ணில் அதிர்வதுதான் காரணம். 3 கிலோஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகவே கேட்கும், அதுவும் ஃபேன் ஓடாத ராத்திரியில். 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கொண்டுபோனால் பெரியவர்களுக்குக் கேட்காது, குழந்தைகளைக் கூப்பிட்டுக் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே போனால் முந்தின தலைப்பில் சொன்ன கீழ்ப்படிச் சிக்கல் வரும். நான் கடைசியில் கரண்டைக் குறைக்கும் வழிக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

"யாரும் தொடாமலே ஏறுது, இறங்குது"

ஒளி சென்சார் வைத்த சாதனங்களின் பெரிய நோய் இது. மூன்று காரணங்கள் கலந்தே வரும், ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

திரை தன் வெளிச்சத்தையே பார்த்துக்கொள்கிறதா? அறையை இருட்டாக்கி, சென்சாரைப் பார்த்து பிரைட்னெஸை மாற்றும் தானியங்கியை நிறுத்தி, திரையை உச்சத்தில் வைத்து சென்சார் அளவை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு திரையை அதன் அடி எல்லைக்குக் குறைத்து எழுதுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் 7 லக்ஸும் 0.4 லக்ஸும் வந்தன. பெட்டிக்கு உள்ளேயே, கண்ணாடியின் ஓரம் வழியாக ஒளி கசிந்து சென்சாருக்கு வந்துகொண்டிருந்தது. திரை கூடினால் சென்சார் கூடும், சென்சார் கூடினால் திரை கூடும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு ஃபோமில் ஒரு சின்னக் கிணறு கட்டி, அதன் வாயைக் கூரையைப் பார்த்துத் திருப்பினேன். வித்தியாசம் மறைந்தது.

ட்யூப்லைட் ஆட்டுகிறதா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். எல்டிஆரை (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எளிய சென்சார்) ஒரு கணத்தில் படித்தால் அலையின் எந்த இடத்தில் மாட்டுகிறோமோ அந்த எண் வரும். 10 மில்லி விநாடியின் முழு மடங்குக்கு, 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், சராசரி எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். பிஎச்1750 சென்சார் 120 மில்லி விநாடி அளந்து இதைத் தானே செய்துவிடும். ஆனால் சாதாரண முறையில் அதன் நுணுக்கம் 1 லக்ஸ். ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும் அறையும் கும்மிருட்டு அறையும் அதற்கு ஒன்றுபோலவே தெரியக்கூடும், முழுநிலா வெளிச்சமே கால் லக்ஸ்தானே. படுக்கையறைக்கு விஇஎம்எல்7700 அல்லது டிஎஸ்எல்2591 சென்சார் வாங்குங்கள்.

மூன்றாவது, எல்லைக்கோட்டில் நிற்பது. 10 லக்ஸில் இரவு முறை என்று எழுதியிருந்தால், 10-ஐ ஒட்டிய அறையில் ஒருவர் குறுக்கே நடந்தாலே திரை மாறும். ஏறுவதற்கு 12, இறங்குவதற்கு 6 என்று இரண்டு கோடு போடுங்கள். வேகத்தையும் பிரித்துவிடுங்கள். விளக்கைப் போட்டதும் ஓரிரு விநாடியில் திரை ஏறலாம், படிக்கத்தானே விளக்குப் போடுகிறார்கள். இறங்குவது அரை நிமிடம் எடுக்கட்டும். கண்ணும் இருட்டுக்கு மெதுவாகத்தான் பழகுகிறது, திரை அதோடு சேர்ந்து இறங்கினால் இறங்கியதே தெரியாது.

"நான் ஒண்ணு வச்சா அது ஒண்ணு வைக்குது"

இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. ராத்திரி மாத்திரை நேரத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அரை நிமிடத்தில் தானியங்கி பழைய இடத்துக்கு இழுத்துவிடும். மறுபடி கூட்டுவார், மறுபடி இழுக்கும். பிறகு தானியங்கியை அடியோடு அணைத்துவிட்டார். பகலில் திரை தெரியவில்லை, ராத்திரி கூசியது, துண்டு திரும்பி வந்தது.

மனிதர் கை வைத்தால் அது "இந்த வெளிச்சத்தில் எனக்கு இவ்வளவு வேண்டும்" என்ற செய்தி. அதைத் தூக்கிப் போடவும் கூடாது, என்றைக்கும் மாறாத கட்டளையாக எடுக்கவும் கூடாது. தானியங்கி 2 சதவீதம் சொன்னபோது அவர் 4 வைத்தார் என்றால் 2 மடங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த லக்ஸ் வட்டாரத்தில் மட்டும் அந்த மடங்கைப் பெருக்குங்கள். காலையில் வெயில் வரும்போது அது தலையிடாது, அடுத்த ராத்திரி அதே இருட்டு வரும்போது நினைவு வைத்திருக்கும். இரண்டு மூன்று இரவுகள் அவர் அதே திசையில் நகர்த்தினால் நிரந்தரமாக்கிவிடலாம்.

ஸ்லைடரையும் எடுத்துவிட்டேன். இருட்டில், கண்ணாடி போடாமல், நடுங்கும் விரலால் ஸ்லைடரைப் பிடிக்க முடியாது. திரையின் இடது பாதி முழுக்கக் குறைக்கும் பொத்தான், வலது பாதி முழுக்கக் கூட்டும் பொத்தான். ஒவ்வொரு அழுத்தலும் 1.4 மடங்கு. 16 அழுத்தலில் 0.5 சதவீதத்திலிருந்து 100 வந்துவிடும், எந்த இடத்தில் அழுத்தினாலும் கண்ணுக்கு ஒரே அளவு மாற்றமாகத் தெரியும்.

"கரண்ட் போயிட்டு வந்தா பட்டப்பகல் மாதிரி எரியுது"

இது என் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தது. கரண்ட் வந்ததும் திரை உச்சத்தில் எரிந்து, அப்படியே நின்றுவிட்டது. உள்ளே தனித்தனியாக மூன்று தவறுகள் இருந்தன.

போர்டு எழும் முதல் விநாடியில் நிரல் இன்னும் ஓடவில்லை, பேக்லைட் கம்பி யாருடைய பிடியிலும் இல்லை. நான் வாங்கிய போர்டில் அது ஒரு ரெசிஸ்டரால் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது, அதாவது யாரும் பிடிக்காதபோது விளக்கு எரியும் பக்கம் நிற்கும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் ஒன்றால் கீழே இழுத்துக் கட்டினேன். சேமித்த அளவைப் படித்து, முதல் படத்தை வரைந்த பிறகுதான் விளக்கு எரிய வேண்டும், அதுவும் மெல்ல ஏறி.

அடுத்தது நேரம். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழ ஓரிரு நிமிடம் ஆகும், அதுவரை சாதனத்துக்கு மணி தெரியாது. பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அந்தப் பூஜ்யம் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. இந்திய நேரத்தில் காலை 5.30. என் நிரலில் பகல் முறை ஆரம்பிப்பதும் 5.30-க்கு! சாதனம் தன் கணக்குப்படி விடிந்துவிட்டது என்று சரியாகவே முடிவு செய்திருக்கிறது. இப்போது ஆண்டு 2024-க்கு முந்தியதாக இருந்தால் இரவு முறையிலேயே இரு என்று எழுதியிருக்கிறேன். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றையும் சிஆர்2032 பேட்டரியோடு சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது சேமிப்பு. அளவு மாறும் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதக் கூடாது. ஒரு பகுதி சுமார் 1 லட்சம் முறை அழித்தெழுதத்தான் தாங்கும். விநாடிக்கு ஒரு முறை எழுதினால் ஒரு நாளைக்கு 86,400. எழுதும் மென்பொருள் நூலகம் (லைப்ரரி) இடம் மாற்றி மாற்றி எழுதினாலும் எதற்கு வீணாக? கை வைத்துப் பத்து விநாடி கழித்து, பழைய மதிப்பிலிருந்து மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள். தானியங்கி மாற்றங்களை எழுதவே வேண்டாம்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லினக்ஸில் சிஸ்டம்டி (கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கும் பகுதி) பேக்லைட் அளவைச் சேமித்துத் திரும்பத் தரும், ஆனால் அது உச்ச அளவின் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை 5-க்கு உயர்த்திவிடும். "வைத்தது நினைவில் நிற்கவில்லை" என்ற புகாருக்கு இது காரணமாக இருக்கலாம். யூடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்கான அமைப்புகளைக் கவனிக்கும் பகுதி) விதியில் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்கலாம்.

"தொட்டா பளிச்சுனு எரியுது"

தொடும்போது பகல் அளவுக்குத் தாவாமல், அந்த நேரத்து அளவைப் போல இரண்டு மடங்கு மட்டும், அரை விநாடியில் மெல்ல. முதல் தொடுதல் எழுப்ப மட்டுமே, எந்தப் பொத்தானையும் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"பழைய எண்ணோட நிழல் தெரியுது"

எல்சிடியில் வரும் நிழல் பெரும்பாலும் தற்காலிகம், சில மணி நேரம் வேறு படத்தை ஓட்டினால் போய்விடும். ஓஎல்இடியில் வந்தால் அது தேய்மானம், திரும்பாது. நிமிடத்துக்கு ஒரு முறை மணியைச் சில பிக்சல் நகர்த்துங்கள், பிரைட்னெஸைக் குறைத்தே வையுங்கள். நீலம்தான் முதலில் தேயும், அதனாலும் ஆரஞ்சு எண்கள் நல்லது.

"திரையை முழுசா அணைச்சும் அறை வெளிச்சமா இருக்கு"

திரையை ஒரு நிமிடம் மறந்துவிட்டுக் கூரையைப் பாருங்கள். அடாப்டரில், போர்டில், பக்கத்து ரவுட்டரில் ஒரு நீல எல்இடி இருக்கும். அம்மாவின் அறையில் கடைசியாகக் கிடைத்தது அதுதான், போர்டின் பின்பக்கத்தில் மிளகளவு பவர் விளக்கு, பெட்டியின் காற்றோட்டத் துளை வழியாகச் சுவரில் நிலா வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டினேன். மறுநாள் காலை போனபோது துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.